உப்பு வீட்டுச் சுமை

ஏழுபள்ளம் ஊருக்கு மேலே இருக்கிற ஊமைமலையில் பனி கொட்டத் தொடங்கினது ஒரு மார்கழித் திங்கட்கிழமை உச்சிவேளையில். பனி என்றால் விடியக்காலம் பூண்டுத் தாளில் பூத்து வெயில் ஏறினதும் போய்விடுகிற பனி இல்லை. இலவம்பஞ்சு மூட்டையை மேலே இருந்து யாரோ பிரித்து உதறுகிற மாதிரி, சத்தமே இல்லாமல், மறுநாள் விடிகிற வரைக்கும் விழுந்து ஆள் உயரத்துக்குக் கிடந்த பனி. அதுவும் ஊருக்கும் மலைக்கும் நடுவே நட்டிருக்கிற எல்லைக்கல்லுக்கு மேலே மட்டும்தான். கல்லுக்கு இந்தப் பக்கம் பூண்டும் கேரட்டும் மேய்கிற கோழியும் எப்பவும் போல இருக்க, அந்தப் பக்கம் கோலமாவில் கோடு இழுத்த மாதிரி வெள்ளை தொடங்கி உச்சி வரைக்கும் போனது. செவ்வாய்க்கிழமை காலையில் ஊர்ச்சனம் வெளியே வந்து பார்த்தது. பார்த்துவிட்டு, சந்தை நாளாச்சே, ஜீப்பு போய்விடுமே என்று பூண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது.

ஊமைமலை என்று அதற்குப் பேர் வந்ததே அங்கே யாரும் வாய் திறக்கக் கூடாது என்பதால்தான். எல்லைக்கல்லைத் தாண்டினால் பேச்சு கிடையாது. இருமல் வந்தாலும் துண்டை வாயில் அமுக்கிக்கொள்ள வேண்டும். மலை எதையோ கேட்டுக்கொண்டு இருக்கிறது, நாம் பேசினால் அதுக்கு இடைஞ்சல் என்பது ஊர்க்கணக்கு. பிற்பாடு காட்டிலாகா வந்து மலையைச் சரணாலயம் ஆக்கி, கல்லுக்குப் பக்கத்தில் 'அமைதி காக்கவும்' என்று பலகை நட்டபோது, கல்யாணம் ஆகி எட்டுப் பிள்ளை பெற்றவளுக்குப் பொண்ணு பார்க்க வந்த கதையாக இருக்கிறதே என்று ஊரே சிரித்தது.

அந்த மலைக்கும் ஊருக்கும் ஒரே ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. தை மாசத்துக் கடைசித் திங்களில் ஊரில் இருந்து ஒரு மூட்டை உப்பு மேலே போகும். உச்சிக்குக் கீழே இருக்கிற உப்புப்பாறையில் அதைக் கொட்டினால் காட்டுமாடுகள் வந்து நக்கிவிட்டுப் போகும், வெள்ளாமைக்குள் இறங்காது. மலைக்கு உப்பு, ஊருக்குத் தண்ணி என்பார்கள். அந்த மூட்டையைச் சுமக்கிற முறை ஒரே ஒரு வீட்டுக்குத்தான். அது உப்பு வீடு. அந்த வீட்டுக்காரன்தான் குழந்தைவேலு, அவன் பொஞ்சாதிதான் அங்காயி. பிள்ளைகுட்டி இல்லை, ரெண்டு மட்டக்குதிரைகள் இருந்தன.

பனி விழத் தொடங்கின நேரத்தில் அந்தக் குதிரைகள் மேலே மேய்ந்துகொண்டு இருந்தன. செவ்வாய் விடியலில் பனி விட்டு மேலோடு இறுகிக் கிடந்த நேரத்தில், குழந்தைவேலு லாரி டயரில் தைத்த செருப்பை மாட்டி, கம்பளியைத் தலையோடு போர்த்தி, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டான்.

“ஏத்தா, அடுப்புல தண்ணி போட்டு வையி. வந்ததும் காலை நனைக்கணும்.”

“எம்புட்டு நேரமாகும்?”

“தண்ணி கொதிக்கிறதுக்குள்ள வந்துருவேன்.”

தண்ணீர் கொதித்தது, சுண்டியது, அங்காயி மறுபடி ஊற்றினாள், மறுபடி சுண்டியது. குதிரைகள் மூன்றாம் நாள் தாமாகவே இறங்கி வந்து கொட்டிலில் நின்றுகொண்டன. குழந்தைவேலு வரவில்லை. தேடப் போனவர்கள் எல்லைக்கல்லைத் தாண்டி நாலு எட்டு வைப்பதற்குள் கூட்டத்தின் பாரத்தில் மேலோடு உடைந்து இடுப்பளவு புதைந்து, ஒருத்தரை ஒருத்தர் இழுத்துப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்களும் கல்லருகே நின்று வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்கள்.

அன்று முதல் அங்காயி தினமும் சாயங்காலம் அடுப்பில் ஒரு பானைத் தண்ணீர் போட்டு வைத்தாள். அழவில்லை. பொட்டை அழிக்கவில்லை. கேட்டவர்களிடம், “குதிரையத் தேடிப் போயிருக்காரு” என்றாள். குதிரைகள் கொட்டிலில் நின்று வாலை ஆட்டிக்கொண்டு இருந்தாலும், “ஆமாத்தா, தேடிப் போயிருக்காரு” என்று ஊரும் சொன்னது. அந்த ஊருக்கு அப்படி ஒரு நாசூக்கு. ஒருத்தர் நோகிற வார்த்தையை ஒருத்தர் சொல்ல மாட்டார்கள். யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், யாரும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

தை பிறந்தது, மாசி போனது, சித்திரை வெயில் கல்லைப் பிளந்தது, பனி மட்டும் கரையவில்லை. கோபித்துக்கொண்டு வந்து உட்கார்ந்த சம்பந்தி மாதிரி உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. சட்டியில் அள்ளி அடுப்பில் வைத்தார்கள். சட்டி சிவந்தது, பனிக்கு ஒன்றும் ஆகவில்லை. புதிதாகவும் ஒரு துளி விழவில்லை. சரி, இதுவும் ஒரு மலைச் சங்கதி என்று ஊர் அதைத் தன் பாட்டுக்குப் பழகிக்கொண்டது. பல்வலிக்காரர்கள் ஒரு விள்ளல் எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்கள். பூசாரி ஒரு உருண்டையைச் சாமி காலடியில் வைத்தார். அது வருசம் முழுக்க அப்படியே இருந்ததில் பூ வாங்குகிற வேலை குறைந்தது. கீழ்நாட்டில் இருந்து பெண் கேட்டு வந்தவர்கள், கல்யாணத்தை அந்த வெள்ளைக்கு முன்னால் வைத்தால் போட்டோ நன்றாக வருமா என்று விசாரித்தார்கள். காட்டிலாகாவின் கார்டு நல்லதம்பிதான் பாவம், பதிவேட்டில் மரத்துக்குக் கட்டம் இருந்தது, மிருகத்துக்குக் கட்டம் இருந்தது, தீக்குக் கட்டம் இருந்தது, பனிக்குக் கட்டம் இல்லை. பத்து நாள் யோசித்து, தீக் கட்டத்தில் 'இல்லை, மிகவும் இல்லை' என்று எழுதி அனுப்பினான். மேலிடத்தில் இருந்து கேள்வி எதுவும் வரவில்லை.

பனியில் நடக்கிற வழியைச் சொன்னவர் மிலிட்டரிக்காரர் சவரியப்பன். காஷ்மீரத்து மலைகளில் பதினோரு வருசம் காவல் நின்று வந்தவர், கால்விரல் ரெண்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். சில்வர் ஓக் மரத்தில் ஆள் உயரப் பலகைகள் அறுத்து, நுனியை நெல் அவிக்கிற அண்டாவில் வேகவைத்து, கல்லுக்கு அடியில் கொடுத்து மேல்நோக்கி வளைத்தார். பலகையின் அடியில் செம்மறித் தோலை இழுத்துக் கட்டினார்.

“மயிரு பின்பக்கமாப் படிஞ்சிருக்கணும். நல்ல மாமியா மாதிரி. முன்னால போக விடும், பின்னால சரிய விடாது.”

“அப்படி ஒரு மாமியாளை எங்க பாத்தீக?” என்று கேட்டாள் செவந்தி. குழந்தைவேலுவின் தம்பி மூக்கையாவைக் கட்டினவள், அங்காயிக்கு ஓரகத்தி.

“அதான் ஆட்டுத் தோலு வச்சிருக்கேன், தாயி.”

உச்சிக்குப் போனதும் தோலைக் கழற்றி இடுப்பில் சுற்றிக்கொண்டு, தேன்மெழுகு தடவின வெறும் பலகையில் சறுக்கி வர வேண்டும். முதல் மாசம் ஊரே விழுந்து விழுந்து எழுந்தது. மேலே சிரிக்கவும் கூடாது என்பதால், விழுந்தவனைப் பார்த்தவர்கள் கல் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து, கல்லைத் தாண்டினதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்தார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள், வீட்டுக்கு வீடு அரிவாளும் மண்வெட்டியும் சாய்ந்திருக்கிற மூலையில் ஒரு சோடிச் சறுக்குக்கட்டையும் சாய்ந்திருந்தது.

எல்லாருக்கும் முந்திப் பழகியவள் அங்காயிதான். திங்கட்கிழமை தவறாமல் காலையில் கட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவாள். சரக், சரக் என்று தோல் பனியைத் தேய்க்கிற சத்தம் ஒன்றுதான் அவளுக்குத் துணை. மேகம் காலடியில் கிடக்கும், சோலைமரங்கள் கொடி கொடியாகப் பாசி தொங்கவிட்டு அசையாமல் நிற்கும், தூரத்தில் காட்டுமாடுகள் மடிப்புக்கு மடிப்புத் தாண்டிக் கறுப்பாகத் தெரியும். அவள் எதையும் பார்க்க மாட்டாள். அவள் பார்க்கப் போவது ஒரு அடித்தடத்தை. புதுப்பனி விழாததாலும் பழசு கரையாததாலும் குழந்தைவேலு கடைசியாக நடந்த இடத்தில் அவன் செருப்பின் தடம் அப்படியே இருந்தது. லாரி டயரின் பூ, வலது குதிகாலில் தேய்ந்த பள்ளம், எல்லாம் நேற்றுப் போனவன் தடம் மாதிரி. அதன் பக்கத்திலேயே, மிதித்துவிடாமல், அவள் ஏறுவாள். உப்புப்பாறைக்குக் கீழே, சரிவில் இருந்து பனி மொத்தமாக வழுகி வந்து நிறைமாச வயிறு மாதிரி ஒரு மேடு கட்டியிருந்தது. தடம் அந்த மேட்டுக்கு முன்னால் நின்றுபோகும். அங்காயியும் நின்றுவிடுவாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தோலைக் கழற்றிக்கொண்டு இறங்குவாள்.

அந்த மேடு என்னவென்று சவரியப்பனுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். நாசூக்கு.

அங்காயிக்குக் குளிரவில்லை. அதை அவள் முதலில் கவனிக்கவே இல்லை. கையுறை போடாமல் பனியை ஊன்றி எழுவாள், விரல் நீலம் பாயும், வலிக்காது. அடுப்பில் இருந்து பானையை வெறுங்கையால் இறக்குவாள், தோல் கொப்புளிக்கும், சுடாது. குழம்பில் உப்பு போட்டோமா இல்லையா என்று நாக்குக்குத் தெரியாது. உப்பு வீட்டுக் குழம்பில் ஒருநாள் உப்பே இல்லை, மறுநாள் வாயில் வைக்க முடியாத கரிப்பு; மூக்கையா இரண்டையும் ஒரே மாதிரி தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு, “நல்லாருக்கு மதினி” என்பான்.

முதல் தை வந்தபோது உப்பு போகவில்லை. வீட்டுக்காரன் வெளியே போயிருந்தால் மூட்டையை அவன் பொஞ்சாதி எடுக்க வேண்டும், அவன் செத்துப்போயிருந்தால் முறை தம்பி வீட்டுக்குப் போய்விடும். இதுதான் வழக்கம். மூக்கையாவை எடுக்கச் சொன்னால் அண்ணன் செத்தான் என்று ஆகிவிடும். அங்காயியிடம் கேட்டதற்கு, “அவரு வந்து எடுப்பாருல்ல” என்றாள். சரி, வந்து எடுக்கட்டும் என்று ஊர் காத்திருந்தது. ரெண்டாவது தையிலும் காத்திருந்தது. கரையாத பனியில் இருந்து தண்ணீர் எப்படி வரும்? ஊமைமலை ஓடை முதலில் இளைத்தது, பிறகு குட்டை குட்டையாக நின்றது, பிறகு கூழாங்கல் மட்டும் கிடந்தது. தலைக்கு மேலே மலை மலையாகத் தண்ணீரை வைத்துக்கொண்டு, ஏழுபள்ளத்துப் பொம்பளைகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ரெண்டு மைல் இறங்கினார்கள். பூண்டு, பல்லே வைக்காமல் வெங்காயத்தாள் மாதிரி நின்று காய்ந்தது. அப்பவும் யாரும் உப்பு வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சேதியைக் கொண்டுவந்தது ஒரு கருவாடு. செவந்தி சந்தையில் வாங்கின நெத்திலிக் கருவாட்டை, பூனைக்குப் பயந்து, துணியில் முடிந்து கல்லுக்கு அந்தப் பக்கம் பனியில் செருகி வைத்தாள். மறுநாள் போய்ப் பார்த்தால் கருவாடு முழங்கை ஆழத்துக்கு இறங்கிக் கிடந்தது. குழியில் தண்ணீர். நெருப்புக்குக் கரையாத பனி உப்புக்குக் கரைந்திருந்தது. அவள் அந்தத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, ஓடவில்லை, நடந்தே போய் ஊர் மன்னாடியிடம் சொன்னாள். மன்னாடி என்றால் ஊருக்குத் தலைக்கட்டு, வயசானவர், பேசுவதற்கு முன்னால் மூணு தடவை தொண்டையைச் செருமுகிறவர்.

அன்று சாயங்காலம் அவர் உப்பு வீட்டு வாசலில் வந்து நின்றார். பின்னால் சவரியப்பன், மூக்கையா, செவந்தி. அங்காயி அடுப்பில் பானையை வைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னத்தா, தண்ணி போடுதியா?”

“ஆமாங்கய்யா. வந்ததும் காலை நனைக்கணும்பாரு.”

மன்னாடி செருமினார். “தை பொறந்து இருவது நாளாச்சு. மூணு வருசத்து உப்பு நிக்கிது.”

“அவரு வரட்டுமுங்க.”

“வரட்டும். வர வேணாம்னு யாரு சொன்னா? அதுவரைக்கும் அவருக்குப் பதிலா நீ எடுத்துட்டுப் போனா…” அவர் நிறுத்தினார். “வெளியூரு போனவன் பொஞ்சாதி எடுக்குறதுதான முறை.”

அங்காயி நாலு பேர் முகத்தையும் பார்த்தாள். அவனை உயிரோடு வைத்துத்தான் அவர்கள் கேட்கிறார்கள். அவள் மூட்டையைத் தூக்கினால் ஏறுகிற வரைக்கும் அவன் உயிரோடு இருப்பான். கொட்டினபிறகு பனி போகும், தடம் போகும், அந்த மேடு போகும்.

“கருவாட்டுச் சங்கதி நானும் கேட்டேன்,” என்றாள். “நீங்க மூக்கையாவையே எடுக்கச் சொல்லுங்க.”

மூக்கையா படியில் உட்கார்ந்துவிட்டான். “நான் எடுக்க மாட்டேன் மதினி. அண்ணன் இருக்கையில நான் எப்படி எடுக்க?”

மூக்கையாவை எழுப்பிக்கொண்டு கிளம்பினார்கள். செவந்தி மட்டும் போகும்போது, “பானைய வெறுங்கையில இறக்காதக்கா” என்றாள்.

நாலு நாள் கழித்து அது நடந்தது. சாயங்காலம் அங்காயி அடுப்பைப் பற்ற வைத்தாள், பானையை எடுத்தாள், குடத்தைச் சாய்த்தாள். ஒரு சொட்டு விழுந்தது. அடுத்த குடத்தைச் சாய்த்தாள். கீழே இறங்கிப் போன பொம்பளைகள், ஊற்று சேறாகிவிட்டது, நாளைக்குத்தான் தெளியும் என்று வெறுங்குடத்தோடு திரும்பியிருந்தார்கள். அவள் வெறும்பானையை அடுப்பில் வைத்து முன்னால் உட்கார்ந்தாள். போகும்போது அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான், ரெண்டு வருசத்தில் அதை அவள் ஒருநாளும் தவறவிட்டதில்லை. பானை வெறுமனே காய்ந்து, கறுத்து, டப்பென்று விரிசல் விட்டது. அவள் எழுந்து போய்ச் செவந்தி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“திங்கக்கிழமை போறேன்னு மன்னாடிகிட்டச் சொல்லு. மூணு வருசத்து உப்பு வேணும்.”

வீட்டுக்கு வீடு உப்பைக் கொட்டினார்கள். ஊறுகாய் ஜாடியில் இருந்து, மாட்டுத்தொட்டியில் இருந்து, அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற மரவையில் இருந்து, வழித்து, சுரண்டி, கடைசிக் கல்லு வரைக்கும். மூணு மூட்டை ஆனது. ஒன்றை அங்காயி முதுகில் கட்டினார்கள், ஒன்றைச் சவரியப்பன், ஒன்றை நல்லதம்பி. காட்டிலாகா விதிப்படி உப்புச் சுமக்க மூணு பேருக்குத்தான் அனுமதி. பதிவேட்டில் என்ன எழுதுவது என்று அவன் யோசித்து, பேனாவை மூடி வைத்துவிட்டு வந்தான்.

கல்லைத் தாண்டினார்கள், பேச்சு நின்றது. சரக், சரக். சுமையோடு ஏறும்போது தோல் இன்னும் இறுகப் பிடித்தது. தடம் தொடங்குகிற இடத்தில் அங்காயி நின்றாள். சவரியப்பன் பாறையைக் காட்டினார்; உப்பு அங்கேதான் போக வேண்டும். அவள் தலையை ஆட்டி, மூட்டையை முன்னால் இறக்கி வாயைப் பிரித்தாள். குனிந்து, முதல் தடத்தில் ஒரு கை உப்புப் போட்டாள். விதைக்கிற மாதிரி, அடுத்த தடத்தில் ஒரு கை. இடது, வலது, தேய்ந்த குதிகால். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வந்த ரெண்டு பேரும் பார்த்தார்கள்: ஒவ்வொரு தடமும் உப்பைக் குடித்து, ஓரம் கலங்கி, கிண்ணம் மாதிரி விரிந்து, கண் திறக்கிற மாதிரி தண்ணீரைத் திறந்தது. அவள் மூட்டை தீர்ந்ததும் சவரியப்பன் தன் மூட்டையை நீட்டினார். அதுவும் தீர்கிறபோது மேட்டுக்கு வந்துவிட்டார்கள். மூன்றாவது மூட்டையில் பாதியைப் பாறையில் காட்டுமாட்டுக்கு வைத்தாள். மீதியை மேட்டின் மேல், பிள்ளைக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கிற மாதிரி, உள்ளங்கையால் தேய்த்தாள்.

தோலைக் கழற்றிச் சறுக்கி வரும்போதே பலகைக்கு அடியில் மலை முணுமுணுக்கத் தொடங்கியிருந்தது. ஊமைமலை சத்தம் போட்டு ஏழுபள்ளம் கேட்டது அதுதான் முதல்முறை.

ஓடை அன்று சாயங்காலமே வந்தது. முதல் தண்ணீர் லேசாகக் கரித்தது, கரித்தாலும் குடித்தார்கள். மூன்றாம் நாள் மலை முழுக்கப் பச்சையாக நின்றது, அடியில் கிடந்த புல் ஒரு நுனி பழுக்கவில்லை. குழந்தைவேலு உப்புப்பாறைக்குக் கீழே ஒருக்களித்துப் படுத்திருந்தான், கம்பளி தலையில், கயிறு கையில், சற்றுமுன் தூங்கினவன் மாதிரி. ரெண்டு வருசத்து வயசு அவனுக்கு ஏறவில்லை, அங்காயிக்கு ஏறியிருந்தது. வாய் திறக்காமல் அவனைத் தூக்கிவந்து, கல்லைத் தாண்டினபிறகு இறக்கி வைத்தார்கள். அப்பவும் யாரும் அழவில்லை. முதலில் அழவேண்டியவள் அழாமல் மற்றவர்கள் எப்படி அழுவது என்று காத்திருந்தார்கள்.

அவள் உள்ளே போய்ப் புதுப்பானையில் தண்ணீர் போட்டாள். கொதிக்கிற வரைக்கும் இருந்து, இறக்கிக் கொண்டுவந்தாள். விளாவினாள். பதம் பார்க்க விரலை விட்டவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பிறகு இன்னும் கொஞ்சம் பச்சைத்தண்ணீர் ஊற்றி, அவன் காலை நனைத்தாள், செருப்பின் வார் பதிந்த இடத்தை எல்லாம் தேய்த்து.

சுடுகாட்டில் எரித்துவிட்டு வந்தபின், வழக்கப்படி அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்து சோறும் குழம்பும் வந்தன. ஊரே இலை போட்டு உட்கார்ந்தது, பேச்சில்லாமல், மலைமேல் உட்கார்ந்த மாதிரி சாப்பிட்டது. செவந்தி அங்காயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து அவள் கையில் ஒரு உருண்டை வைத்தாள். அங்காயி அதை வாயில் போட்டாள். மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள். இன்னொரு வாய் எடுத்து, மெதுவாக, நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“ஏண்டி,” என்றாள், “உப்பே இல்லையே.”

ஊரில் எந்த வீட்டிலும் ஒரு கல்லு உப்புக்கூட இல்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. மன்னாடி தொண்டையைச் செருமினார், செருமல் பாதியில் உடைந்தது. செவந்தி எச்சில் கையோடு அங்காயியைக் கட்டிக்கொண்டாள்.

“இல்லக்கா,” என்றாள். “உப்பு இல்ல.”

“இல்லையா?” என்று கேட்டாள் அங்காயி. இலையைத் தள்ளி வைத்தாள். பிறகு அழத் தொடங்கினாள், அவளுக்குப் பின்னால் ஊர் தொடங்கியது, கல்லுக்கு மேலேயும் கீழேயும் கேட்கிற மாதிரி.